உலக அரசியலும் உலகப் பணமும் சந்திக்கும் இடம்: நெல்லைச் சீமையிலிருந்து ஒரு பதில்

கடையநல்லூரைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. உலக அரசியலை உண்மையில் நடத்துவது பெரிய வங்கிகளும் முதலீட்டாளர்களும்தான் என்று அவருடைய மாமா சொல்கிறார். அரசு நினைத்தால் எந்த வங்கியையும் ஒரே ஆணையில் முடக்கிவிடும் என்று அவருடைய பேராசிரியை சொல்கிறார். தந்தை துபாயிலிருந்து அனுப்பும் பணத்தில் நடக்கும் தம் குடும்பத்தின் வரவு செலவு இவ்விரண்டில் எதைச் சார்ந்தது என்று அவர் அறிய விரும்புகிறார்.

மாமாவின் கூற்றுக்கும் பேராசிரியையின் கூற்றுக்கும் வரலாற்றில் சான்றுகள் உண்டு. ஆயினும் இருவரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. ஒரு நாட்டு வணிகர் இன்னொரு நாட்டு வணிகருக்குத் தர வேண்டிய தொகை எந்த நாணயத்தில் எழுதப்படுகிறது, எந்த நகரத்து வங்கியில் கணக்குத் தீர்க்கப்படுகிறது, சரக்கு ஏற்றிய கப்பலுக்கு யார் காப்பீடு தருகிறார்கள், வழக்கு என்று வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கிறது என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்த இடம் தெரியும். போர்களும் ஒப்பந்தங்களும் இந்த ஏற்பாடுகளை உண்டாக்குகின்றன. உண்டான பிறகு அவற்றைக் கையில் வைத்திருக்கும் நாட்டுக்குப் படை அனுப்பாமலே பிறரைப் பணியவைக்கும் வலிமை கிடைக்கிறது. அந்த வலிமையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் மற்ற நாடுகள் வேறு வழி தேடத் தொடங்குகின்றன. இந்த மூன்று நிலைகளையும் நம் திருநெல்வேலிச் சீமை நூற்றறுபது ஆண்டுகளாகத் தன் கண்முன் பார்த்து வந்திருக்கிறது என்பதால், இங்கிருந்தே விளக்குவது எளிது. (இங்கே நான் சீமை என்பது தூத்துக்குடியும் தென்காசியும் பிரிவதற்கு முந்தைய பழைய மாவட்டத்தை.)

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, பிரிட்டனின் லங்காஷயர் ஆலைகள் தமக்கு வேண்டிய பருத்தியின் பெரும்பகுதியை அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தன. பருத்தியை அனுப்பாமல் நிறுத்தினால் பிரிட்டன் வேறு வழியின்றித் தங்களை ஆதரிக்கும் என்று தென் மாநிலத் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். லிங்கனின் கடற்படை மறுபுறம் தென் துறைமுகங்களை முற்றுகையிட்டது. லங்காஷயரில் ஆலைகள் மூடித் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். ஆனாலும் பிரிட்டன் போரில் இறங்கவில்லை. அதன் வணிகர்கள் எகிப்தையும் இந்தியாவையும் நாடினார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரக் கரிசலில் விளைந்து தூத்துக்குடியில் கப்பலேறிய பருத்தி லிவர்பூல் சந்தையில் திருநெல்வேலிப் பருத்தி என்றே தனித் தரமாக அறியப்பட்டிருந்தது. வாஷிங்டனில் எடுக்கப்பட்ட ஒரு போர் முடிவினால் கரிசல் சம்சாரியின் விளைச்சலுக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. 1865-இல் போர் முடிந்ததும் அந்த விலை சரிந்தது. பருத்திப் பணத்தை நம்பிப் பங்குகளில் ஊகம் நடத்திய பம்பாயில் பெரும் வணிகர்கள் திவாலானார்கள். அவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த பம்பாய் வங்கியும் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது.

அதே போரில் மாமாவின் கருத்துக்கு எதிரான சான்று ஒன்றும் இருக்கிறது. 1863-இல் எர்லாங்கர் என்ற பாரிஸ் வங்கி நிறுவனம் தென் மாநிலங்களுக்காக ஐரோப்பாவில் முப்பது லட்சம் பவுண்டு கடன் பத்திரங்களை விற்றது. பத்திரம் வைத்திருப்பவர் விரும்பினால் குறிப்பிட்ட விலைக்குப் பருத்தியாகப் பெற்றுக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. ஜூலை மாதத்தில் கெட்டிஸ்பர்கிலும் விக்ஸ்பர்கிலும் தென் படைகள் தோற்றதும் பத்திரங்களின் விலை விழுந்தது. போர் முடிந்தபோது அவை வெறும் காகிதமாயின. வங்கிகள் போரின் போக்கைத் தீர்மானித்திருந்தால் இப்படி நடந்திருக்காது. முதலீட்டாளர்கள் அரசியலின் மீது பந்தயம் கட்டுகிறார்கள், பல சமயம் தோற்கவும் செய்கிறார்கள்.

எகிப்தில் நடந்தது அதைவிடத் துயரமானது. பருத்தி விலை என்றும் உயர்ந்தே இருக்கும் என்ற எண்ணத்தில் அதன் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா லண்டனிலும் பாரிசிலும் கடன்மேல் கடன் வாங்கினார். விலை சரிந்த பிறகு வட்டி கட்ட வழியில்லாமல் 1875-இல் சூயஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளை நாற்பது லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனுக்கு விற்றார். அந்தத் தொகையை பிரிட்டிஷ் அரசுக்கு அவசரமாகத் திரட்டித் தந்தது ரோத்ஸ்சைல்டு வங்கி. அடுத்த ஆண்டு எகிப்து கடனைத் திருப்ப முடியாமல் நின்றது. 1882-இல் பிரிட்டிஷ் படை உள்ளே வந்தது. ஒரு போர் விலையை ஏற்றியது, விலை கடனை வளர்த்தது, கடன் நாட்டின் சுதந்திரத்தைத் தின்றது. எகிப்தைப் படிக்காமல் இந்தப் பொருளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பாடத்தை நம் மண்ணில் மிகத் தெளிவாக உணர்ந்திருந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அவரை நாம் பெரும்பாலும் தியாகத்துக்காகவும் செக்கிழுத்ததற்காகவும் நினைவுகூர்கிறோம். அவருடைய பொருளாதாரச் சிந்தனைக்கு உரிய இடத்தைத் தருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி உடனே கட்டணத்தை வெட்டியது. அது நட்டத்தைத் தாங்கிக்கொண்டு கட்டணத்தைக் குறைக்க முடிந்ததற்குக் காரணம் அதன் வணிகத் திறமை மட்டும் அன்று. அரசின் அஞ்சல் ஒப்பந்தங்களால் அதற்கு நிலையான வருவாய் இருந்தது. சுதேசிக் கம்பெனிக்கு அப்படி எதுவும் கிடையாது. போட்டியில் வெல்ல முடியாத இடத்தில் சட்டம் இறங்கியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார், திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது, ஜூலையில் அவருக்குக் கடுமையான தண்டனை விதிக்கப்பட்டது, 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்கு மூலதனம், கப்பல், அஞ்சல் ஒப்பந்தம், நீதிமன்றம் ஆகிய நான்கில் முதல் இரண்டை மட்டுமே அவரால் திரட்ட முடிந்தது.

கம்பெனி பதிவான ஆறே நாளில் சென்னையில் அர்புத்நாட் என்ற ஆங்கிலேய வங்கி நிறுவனம் முறிந்து ஆயிரக்கணக்கான இந்தியர்களின் சேமிப்பை விழுங்கியது. அந்தக் கோபத்திலிருந்து 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பணத்தைச் சொந்த ஊரில் வைத்துக்கொள்வது அரசியல் செயலும்கூட என்று அந்தத் தலைமுறை அறிந்திருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. போர்ச் செலவுக்காகப் பிரிட்டன் இந்தியாவிடம் ஏறத்தாழ 130 கோடி பவுண்டு கடன்பட்டிருந்தது. ஆனால் அந்தத் தொகை லண்டனில், பவுண்டில், பிரிட்டனின் விருப்பப்படி மட்டுமே செலவழிக்கக் கூடியதாக முடங்கிக் கிடந்தது. போருக்குப் பிந்தைய உலகப் பண ஏற்பாட்டை வகுக்க 1944-இல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடியபோது, இந்தியக் குழுவில் இருந்த கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் உள்ளிட்டோர் இந்தச் சிக்கலை அங்கே உருவாகவிருந்த பன்னாட்டு நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) வழியே தீர்க்க வேண்டும் என்று வாதாடினார்கள், ஏற்கப்படவில்லை. கடன் கொடுத்தவருக்கே எப்போதும் அதிகாரம் இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடன் எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த இடத்தின் ஆட்சி யாரிடம் இருக்கிறது என்பதும் சேர்ந்தே அதிகாரத்தைத் தீர்மானிக்கிறது.

பிரெட்டன் வுட்ஸ் மாநாடு டாலரை நடுவில் வைத்தது. ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று அமெரிக்கா உறுதி கொடுத்தது. மற்ற நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டன. எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு நாணயக் கணக்கு வேண்டும் என்று பிரிட்டனின் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் முன்வைத்த யோசனை எடுபடவில்லை, ஏனெனில் போரின் முடிவில் தங்கமும் தொழிற்சாலைகளும் அமெரிக்காவிடம் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் விளைவைப் பிரிட்டனே அனுபவித்தது. 1956-இல் சூயஸ் கால்வாயைக் கைப்பற்ற பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கியபோது, பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டது. பவுண்டைத் தாங்க உதவி கேட்ட பிரிட்டனிடம், படையைத் திரும்பப் பெற்றால்தான் உதவி என்று அமெரிக்காவின் ஐசன்ஹோவர் அரசு சொல்லிவிட்டது. பிரிட்டன் பின்வாங்கியது. கடனைக் கருவியாக்கி அது நுழைந்த அதே மண்ணிலிருந்து, கடன் மறுக்கப்பட்டதால் அது வெளியேற நேர்ந்தது.

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தார். டாலர் வீழ்ந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்த நேரத்தில் எண்ணெய் அதைத் தாங்கிப் பிடித்தது. 1973 அரபு இஸ்ரேல் போரை ஒட்டி எண்ணெய் விலை பல மடங்கு உயர்ந்தது. வளைகுடா நாடுகளுக்குக் குவிந்த டாலர்களில் ஒரு பகுதி அமெரிக்க அரசுப் பத்திரங்களுக்குத் திரும்பியது. 1974-இல் அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் பொருளாதார ஒத்துழைப்பு ஆணையம் அமைத்துக்கொண்டன. சவூதிக்கு ஆயுதங்களும் பாதுகாப்பும் கிடைத்தன. இன்னொரு பகுதி சாலைகளாகவும் துறைமுகங்களாகவும் கட்டடங்களாகவும் மாறியது. அந்த வேலைக்குத்தான் கடையநல்லூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். உங்கள் குடும்பத்தின் வருமானம் அந்தப் பெரிய ஏற்பாட்டின் ஒரு கிளை.

கிளை ஆடினால் வேரும் ஆடும் என்பதை 1990 காட்டியது. ஆகஸ்ட் மாதம் ஈராக் குவைத்தைப் பிடித்தது. எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து வரும் பணம் குறைந்தது, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் மீட்டுவர வேண்டியிருந்தது. ஏற்கெனவே கடனில் இருந்த இந்தியாவின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அளவுக்குக் கரைந்தது. 1991 ஜனவரியில் பன்னாட்டு நிதியம் இந்தியாவுக்கு ஏறத்தாழ 180 கோடி டாலர் கடன் தந்தது. அதே மாதத்தில் வளைகுடாப் போருக்குச் சென்ற அமெரிக்க ராணுவ விமானங்கள் இந்திய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அனுமதி பெற்றன. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. மே மாதம் 20 டன் தங்கத்தை விற்றும், ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தைப் பிரிட்டன், ஜப்பான் மத்திய வங்கிகளில் அடகு வைத்தும் இந்தியா கடன் தவறாமல் தப்பியது. அந்த நிதியத்தில் அமெரிக்காவுக்கு 16 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு இருக்கிறது. முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு தேவை. ஆகவே அமெரிக்கா இணங்காமல் அந்த முடிவுகள் எதுவும் நிறைவேறாது.

டாலரைத் தவிர்த்து வாழ முடியாதா என்ற கேள்விக்குக் கூடங்குளத்தின் கதை நல்ல விடை. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, சோவியத் ஒன்றியம் குறைந்த வட்டிக் கடனோடு இரண்டு 1,000 மெகாவாட் அணு உலைகளைக் கட்டித் தருவதாக இருந்தது. அப்போது இரு நாட்டு வணிகம் ரூபாய்க் கணக்கில் நடந்தது. இந்தியா ரூபாயில் கட்டும். அந்த ரூபாயில் சோவியத் ஒன்றியம் இங்கிருந்து தேயிலையும் புகையிலையும் துணியும் வாங்கிக்கொள்ளும். டாலர் இல்லாத இரு நாடுகளுக்கு அது உகந்த ஏற்பாடு. 1991 இறுதியில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. ரூபிளின் மதிப்பு சரிந்தபோது, இந்தியாவின் பழைய கடனை எந்த விகிதத்தில் கணக்கிடுவது என்று பெரும் தகராறு எழுந்தது. உண்மையான சந்தை விகிதத்தில் கணக்கிட்டிருந்தால் கடன் மிகச் சிறிய தொகையாகச் சுருங்கியிருக்கும். 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் எல்ட்சின் டெல்லிக்கு வந்தபோது, கடனின் பெரும்பகுதியைப் பழைய விகிதத்தில் ஒப்புக்கொண்டு, மீதியை வட்டியில்லாமல் 45 ஆண்டுகளில் ரூபாயாகத் திருப்பித் தர இந்தியா இசைந்தது. ராணுவத் தளவாடங்களுக்கு உதிரிப் பாகங்கள் ரஷ்யாவிடமிருந்தே வர வேண்டியிருந்த நிலையில், அந்த விகிதம் பொருளாதாரக் கணக்கில் பிறந்தது அன்று.

கூடங்குளத் திட்டம் இத்தனை ஆண்டும் கிடப்பில் இருந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா பொருளாதாரத் தடைகளை விதித்தது. அடுத்த மாதமே ரஷ்யா கூடங்குளத்துக்குப் புதிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 2002-இல் கட்டுமானம் தொடங்கி, 2013 அக்டோபரில் முதல் உலை மின்தொகுப்போடு இணைந்தது. இடிந்தகரை மக்களின் அச்சமும் போராட்டமும் தனியே விரிவாகப் பேச வேண்டியவை. இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை யார் தருவது என்ற கேள்வி, 2010-இல் இந்தியா இயற்றிய சட்டத்தின் காரணமாக ரஷ்ய நிறுவனத்தோடு நடந்த அடுத்த உலைகளின் பேச்சுவார்த்தையில் பெரும் தடையாக நின்றது. 2015-இல் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் 1,500 கோடி ரூபாய் அளவில் கூட்டு நிதி அமைத்த பிறகே வழி திறந்தது. இரு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கினாலும், காப்பீட்டாளர் கையெழுத்திடாமல் உலை எழாது.

இப்போது 2022-க்கு வருவோம். ரஷ்யா உக்ரைனைத் தாக்கிய சில நாட்களில், ரஷ்ய மத்திய வங்கி வெளிநாடுகளில் வைத்திருந்த ஏறத்தாழ 30,000 கோடி டாலர் மதிப்பிலான சொத்துகளை மேற்கு நாடுகள் முடக்கின. அதில் பெரும்பங்கு பிறருடைய பத்திரங்களைக் காத்து வைக்கும், பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் நிறுவனத்தில் இருக்கிறது. சில ரஷ்ய வங்கிகள் ஸ்விஃப்ட் என்ற வங்கிச் செய்தித் தொடர்பு அமைப்பிலிருந்து நீக்கப்பட்டன. டாலரில் பணம் அனுப்பும்போது, அனுப்புபவர் துபாயிலும் பெறுபவர் தூத்துக்குடியிலும் இருந்தாலும், கணக்கு பெரும்பாலும் நியூயார்க் வங்கிகளில்தான் தீர்கிறது. அதனால் அமெரிக்கச் சட்டம் அதன்மேல் பாய முடிகிறது. பிரான்சின் பி.என்.பி. பரிபா வங்கி, அமெரிக்கா தடை விதித்திருந்த சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிவர்த்தனைகளுக்காக 2014-இல் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 890 கோடி டாலர் அபராதம் கட்டியது இந்த அடிப்படையில்தான். உங்கள் பேராசிரியை சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

இதன் விளைவுகள் தாமிரபரணிப் பாசனம் வரை வந்தன. பெலாரஸ் உலகின் பெரிய பொட்டாஷ் உற்பத்தி நாடுகளில் ஒன்று. அங்கே எழுந்த தேர்தல் தகராறை ஒட்டி அதன் மீது விதிக்கப்பட்ட தடைகளாலும் லித்துவேனியா வழியான போக்குவரத்து நின்றதாலும் 2022-இல் பொட்டாஷ் விலை கடுமையாக ஏறியது. இந்தியா பயிருக்கு இடும் பொட்டாஷ் உரத்துக்கு இறக்குமதியையே நம்பியிருப்பதால், கார், பிசானம் என்ற இரு பருவங்களிலும் நெல் நடுகிற அம்பாசமுத்திரத்து விவசாயி, தான் பெயரே கேட்டிராத ஒரு நாட்டின் தேர்தல் தகராறுக்கு உர மூட்டையில் விலை கொடுத்தார்.

தங்கத்தின் விலையும் இதே நிகழ்வோடு இணைந்தது. ஒரு நாட்டின் சேமிப்பைப் பத்திர வடிவில் வைத்திருந்தால் பிறர் முடக்க முடியும் என்று கண்ட மத்திய வங்கிகள், 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. இந்திய ரிசர்வ் வங்கி இங்கிலாந்தில் வைத்திருந்த தங்கத்தில் ஏறத்தாழ 100 டன்னை இந்தியாவுக்குக் கொண்டுவந்த செய்தி 2024-இல் வெளியானது. 1991-இல் அடகுக்காகக் கடல் கடந்த தங்கத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது சாதாரணச் செய்தி அன்று. மகளின் கல்யாணத்துக்குச் சவரன் கணக்குப் போடும் திருநெல்வேலிப் பெற்றோர் நகைக்கடையில் கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று.

வேறு வழி தேடுவது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வணிகத்தை ரூபாயில் தீர்க்க வழிவகை செய்தது. ரஷ்ய எண்ணெய் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிகச் சிறு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. ஆனால் 2023-24 நிதியாண்டில் ரஷ்யாவிலிருந்து இந்தியா வாங்கியது 6,000 கோடி டாலருக்கு மேல். விற்றது 400 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. ரஷ்யாவிடம் குவிந்த ரூபாயை வைத்து அது என்ன வாங்கும்? 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இந்தச் சிக்கலை வெளிப்படையாகவே சொன்னார். சோவியத் காலத்து ரூபாய்க் கணக்கு நடந்ததற்குக் காரணம் இரு பக்க வணிகமும் ஓரளவு சமமாக இருந்தது. இன்று அந்தச் சமநிலை இல்லை. பிறகு 2025 ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்து மொத்தத்தை 50 விழுக்காடாக்கியபோது, இறால் ஏற்றுமதிக்கு அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்தவர்கள் அதன் அடியை வாங்கினார்கள்.

டாலர் விரைவில் வீழும் என்று முழங்குபவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணமும் இதுவே. உலக நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு மெல்லக் குறைந்து வந்தாலும் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. சீனா தன் நாணயம் எல்லையைத் தாண்டித் தடையின்றிப் போய்வர அனுமதிப்பதில்லை. அப்படி அனுமதிக்கவும், உலகத்தின் சேமிப்பை வாங்கி வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பத்திரங்களை வெளியிடவும் துணியாத நாட்டின் நாணயம் டாலரின் இடத்துக்கு வர முடியாது.

அண்டை நாடான இலங்கை 2022 ஏப்ரலில் ஏறத்தாழ 5,100 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியாமல் நிறுத்தியது. அதற்குக் கடன் கொடுத்தவர்கள் சீனா, ஜப்பான், இந்தியா ஆகிய நாடுகளும், பத்திரம் வாங்கிய தனியார் முதலீட்டாளர்களும். எல்லாப் பழியையும் சீனாவின் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையாகாது, ஏனெனில் அந்தச் சுமையின் கூறுகளில் மிகப் பெரியது சந்தையில் விற்ற பத்திரங்களே. ஆயினும் மீட்சியில் அரசியல் தெளிவாகத் தெரிந்தது. கடன் கொடுத்த நாடுகள் சலுகை தர உறுதி அளிக்காமல் பன்னாட்டு நிதியம் பணம் தராது. 2023 ஜனவரியில் முதலில் உறுதி அளித்தது இந்தியா. சீனா அதற்குப் பின்னரே வந்தது. மார்ச்சில் 290 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. கொழும்புத் துறைமுகத்தின் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவதும் இந்தியாவிலிருந்து போவதுமே என்பதால், அந்தக் கடன் பேச்சின் முடிவு தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களுக்கும் தொடர்பில்லாத ஒன்று அன்று.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. துபாயின் திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் தந்தை திர்ஹத்தில் சம்பளம் வாங்கினாலும், ரூபாய்க் கணக்கில் அவர் டாலரில் சம்பளம் வாங்குகிறவரே. 2022 தொடக்கத்தில் டாலர் சுமார் 75 ரூபாயாக இருந்தபோது 2,000 திர்ஹம் அனுப்பினால் ஏறத்தாழ 40,800 ரூபாய் வந்திருக்கும். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தொட்டபோது அதே 2,000 திர்ஹம் 49,000 ரூபாய். தந்தையின் உழைப்பில் மாற்றம் இல்லை. அமெரிக்க வட்டி விகிதம், இந்தியாவின் எண்ணெய்ச் செலவு, வரித் தகராறு, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குச் சந்தையிலிருந்து பணத்தை எடுத்துச் சென்றது ஆகியவை சேர்ந்து அந்தக் கூடுதலைத் தந்தன. 2013-இல் அமெரிக்க மத்திய வங்கி பத்திரம் வாங்குவதைக் குறைக்கப்போவதாகப் பேசிய சில மாதங்களிலேயே டாலர் 55 ரூபாயிலிருந்து 68 ரூபாய்க்குப் போனதும் இத்தகையதே.

அதே ரூபாய் வீழ்ச்சி சமையல் எண்ணெய், பெட்ரோல், உரம், மருந்து மூலப்பொருள் ஆகியவற்றின் விலையைச் சில மாதங்களில் ஏற்றுகிறது. வெளிநாட்டிலிருந்து பணம் வராத உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏற்றம் மட்டுமே கிடைக்கிறது, ஈடு கிடைப்பதில்லை. உங்கள் வீட்டுக்கும் அந்தக் கூடுதல் நிலையான வருமானம் ஆகாது. அதைக் கணக்கில் வைத்து வீட்டுக்கடன் தவணையையோ சீட்டுத் தொகையையோ உயர்த்திக்கொள்ள வேண்டாம் என்றே நான் சொல்வேன். தந்தையின் வேலை எண்ணெய் விலையையும் வளைகுடாவின் அமைதியையும் சார்ந்தது; அவர் அனுப்பும் திர்ஹத்தின் ரூபாய் மதிப்பு வாஷிங்டனையும் டெல்லியையும் சார்ந்தது. 2023 ஜூலையில் இந்திய, அமீரக மத்திய வங்கிகள் ரூபாயிலும் திர்ஹத்திலும் நேரடியாகக் கணக்குத் தீர்க்க ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அது வளர்ந்தால் பணம் அனுப்பும் செலவு குறையலாம். திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டிருக்கும் வரை மாற்று விகிதத்தின் ஆட்டம் அப்படியேதான் இருக்கும்.